இருபத்து மூன்றாம் படங்கு

என் வீட்டின் பின்னறையில் மூன்று இரும்புப் பீப்பாய்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் பதின்மூன்று படங்குகள், கொட்டிலுக்குக் கூரையாகக் கட்டும் பிளாஸ்டிக் விரிப்புகள், மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. மொத்தம் முப்பத்தொன்பது. நாற்பது இருந்திருக்க வேண்டும்.

காலையில் முகம் கழுவியதும் நான் செய்யும் முதல் வேலை அந்த அறையைத் திறந்து, மூடிகளைச் சுற்றியுள்ள வளையங்கள் இறுகியிருக்கின்றனவா என்று தடவிப் பார்ப்பது. இறுகித்தான் இருக்கும். இருந்தாலும் பார்ப்பேன். மனைவி குசினியிலிருந்து குரல் கொடுப்பாள்.

"என்ன, உங்கட முப்பத்தொம்பது புள்ளையளும் எழும்பிட்டா?"

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நாற்பத்தாறு வருடம் என்னோடு வாழ்ந்தவளுக்கு அப்படிக் கேட்க உரிமை இருக்கிறது.

நான் இரசாயனம் படித்து, பிளாஸ்டிக் பற்றி முப்பத்தொரு வருடம் ஆராய்ச்சி செய்து ஓய்வு பெற்றவன். இரண்டு கேள்விகளோடு என் காலம் போயிற்று. எரியாத பிளாஸ்டிக்கை எப்படிச் செய்வது என்பது முதலாவது. மண்ணில் உக்கிப் போகிற பிளாஸ்டிக்கை எப்படிச் செய்வது என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு நான் கண்ட விடைதான் என்னை இரண்டாவதற்குத் துரத்தியது. அந்த விடையில் ஒரு பங்கு இன்னும் வெளியே கிடக்கிறது.

சுனாமி வந்து இரண்டு மாதமிருக்கும். வாகரைப் பக்கம், கடலுக்கும் உப்பங்கழிக் களப்புக்கும் நடுவே ஒடுங்கிய மணல் திடலில் ஒரு முகாம். தறப்பாள் கொட்டில்கள் ஆறு வரிசை, வரிசைக்குப் பதினான்கு. உடுப்பும் மருந்தும் ஏற்றிய லொறியில் நானும் போயிருந்தேன். நாங்கள் போனதற்கு முந்தின நாள் பொழுதுபட மூன்றாம் வரிசையில் ஒரு குப்பி விளக்கு சரிந்து ஐந்து கொட்டில்கள் எரிந்து போயிருந்தன. உயிர் ஒன்றும் போகவில்லை. ஒரு சிறுமி மட்டும் பாயில் குப்புறக் கிடந்தாள். எரிந்த தறப்பாள் உருகிச் சொட்டிய இடங்கள் அவள் முதுகில் இருந்தன. பதினொன்று. விசிறிக்கொண்டிருந்த தாய், நான் உதடசைத்து எண்ணுவதைக் கண்டுவிட்டாள். எண்ணுவது என் பழக்கம், வேறொன்றுமில்லை; நான் லொறிப் பக்கம் திரும்பி நடந்தேன்.

சாதாரணப் பிளாஸ்டிக் எரிந்துகொண்டே உருகும். உருகிய துளியும் எரிந்துகொண்டே விழும். விழுந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆய்வுகூடத்தில் இதைச் சோதிப்பது எளிது. ஒரு துண்டை நெடுக்காகத் தொங்கவிட்டு, அடியில் பத்து விநாடி சுவாலையைப் பிடித்து, எடுத்துவிட்டு, தானாக அணைய எத்தனை விநாடி என்று எண்ணுவோம். கீழே கொஞ்சம் பஞ்சு வைப்போம். துளி விழுந்து பஞ்சு பற்றினால் அந்தத் துண்டு தோல்வி. அந்தச் சிறுமியைக் கண்ட பிறகு, மனதுக்குள் பதினொன்று வரை எண்ணிவிட்டுத்தான் பஞ்சு வைப்பேன்.

ஏழு கிழமையில் நாற்பது படங்குகள் செய்து முடித்தேன். ஒவ்வொன்றும் ஒன்பது அடி நீளம், ஆறு அடி அகலம். பிளாஸ்டிக்கோடு புரோமின் சேர்ந்த வெள்ளைப் பொடியொன்றையும் கொஞ்சம் அன்டிமனியையும் கலந்தேன். அக்காலத்தில் தீத்தடுப்புக்கு எல்லோரும் செய்தது அதுதான். வேறு தறப்பாள்களோடு கலந்து போகாமல் செங்காவி நிறம் ஊட்டினேன். மூலையில் கறுப்பு மையால் ஒன்று முதல் நாற்பது வரை இலக்கமிட்டேன். எண்ணாமல் கொடுத்தால் எனக்குச் சரிவராது.

படங்குகளைக் கொடுத்த அன்று முகாமின் நடுவே கூட்டம் சேர்ந்தது. ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டு, மறு பக்கத்தைப் பிடிக்க ஆள் கேட்டேன். மெலிந்த மீனவர் ஒருவர் முன்னால் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கையால் படங்கைப் பிடித்து, யாரோ கொளுத்திக் கொடுத்த தீக்குச்சியை மறு கையால் வாங்கி அடியில் பிடித்தார். படங்கு கறுத்தது, சுருங்கியது, பற்றவில்லை. அவர் குச்சியை எடுக்கவேயில்லை.

"சேர்ட படங்கு எரியுதில்ல, என்ட விரல்தான் எரியுது!" என்று கத்திக் குச்சியை எறிந்தார். அத்தனை துக்கத்துக்குள்ளும் கூட்டம் சிரித்தது.

அந்தச் சிரிப்பு எனக்குத் தலைக்கேறிவிட்டது. ஒரு வாளி தண்ணீரை ஊற்றிக் காட்டினேன். பிறகு பெருமையாக ஒன்று சொன்னேன். சொல்லுக்குச் சொல் இன்றும் நினைவிருக்கிறது.

"இதில நெருப்பும் பிடிக்காது, தண்ணியும் போகாது, மண்ணும் தின்னாது."

"அப்ப இது சாகாது," என்றார் அவர், விரலை வாயில் வைத்துக்கொண்டு. அன்றிலிருந்து அதற்குச் சாகாப் படங்கு என்று பெயர். விரல் சுட்டதற்காக அவருக்கு நானே கையால் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். இருபத்து மூன்றாம் இலக்கம்.

நாலைந்து வருடங்களுக்குப் பிறகுதான் அந்த வெள்ளைப் பொடி பற்றி நான் படிக்க வேண்டியதைப் படித்தேன். அது பிளாஸ்டிக்கோடு பிணைந்து நிற்பதில்லை. வெயில் பட, உரஞ்ச, தூசியாகக் கழன்று வரும். உடம்புக்குள் போனால் கொழுப்பில் போய் உட்காரும். மீனில் இருக்கும், தாய்ப்பாலில் இருக்கும். குப்பையோடு கொளுத்தினால் புகை அதைவிட மோசம். நான் பிளாஸ்டிக்கை எரியாமல் செய்தேன், நல்லது. ஆனால் நாற்பது குடும்பங்களுக்கு அந்தப் பொடியைத் தலைக்கு மேல் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

திருப்பி எடுப்பதென்று தீர்மானித்தேன். எடுப்பது லேசாக இருக்கவில்லை. இடையில் சண்டை வந்து அந்தச் சனம் இரண்டாம் முறையும் இடம்பெயர்ந்திருந்தது. பாரமில்லாத பொருள் என்பதால் படங்குகளைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒன்று உன்னிச்சை என்ற ஊரில் நெல் காயப்போட விரித்திருந்தது. ஒன்று தோணியில் பாயாகக் கட்டியிருந்தது. ஒன்று மலசலகூடத்துக்கு மறைப்பு. ஒன்பதாம் இலக்கம் ஒரு பிள்ளைக்கு ஏணைத் தொட்டிலாகக் கட்டியிருந்தது. அதன் ஓரத்தில் பல் முளைக்கிற பிள்ளை கடித்த அடையாளம் இருந்தது. மேலே இரண்டு, கீழே இரண்டு. அந்தப் பிள்ளை இப்போது வளர்ந்திருக்கும். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தைரியம் இல்லை.

எடுத்தவற்றை என்ன செய்வது? எரிக்கக்கூடாது, புதைக்கக்கூடாது. புகை மிஞ்சாமல் அவற்றை அழிக்க வேண்டுமானால் கடும் வெப்பமுள்ள பெரிய சூளை வேண்டும். எழுதிக் கேட்ட கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் பீப்பாய்கள்.

வாங்கிய ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு புதிய படங்கு கொடுத்தேன். அதுதான் என் இரண்டாவது வேலை. அடிப்படைப் பொருள் மரவள்ளி மா. தவிட்டிலிருந்து ஓர் அமிலம் எடுத்தேன், அதில் பொசுபரசு உண்டு. இறால் கோதிலிருந்து மெல்லிய பசை போன்ற ஒரு பொருள் எடுத்தேன். இரண்டும் சேர்ந்தால் சுவாலை படும்போது கரிப்படலம் ஒன்று பொங்கி எழுந்து தன்னைத்தானே மூடிக்கொள்ளும். துளி சொட்டாது. பஞ்சு வெள்ளையாகவே இருக்கும். சந்தையிலிருந்து இறால் கோது கொண்டுவரும் நாட்களில் மனைவி முன்வாசலில்தான் சமைப்பாள்.

வருடக்கணக்காக ஒரு தொல்லை இருந்தது. எரியாமல் இருக்க நான் சேர்த்த அமிலக் கலவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்களையும் விரட்டியது. எரியாதது உக்கவில்லை, உக்கியது எரிந்தது. வீட்டு வளவில் நூற்றுப் பன்னிரண்டு துண்டுகளைக் குச்சி நட்டுப் புதைத்து, கிழமைக்கொரு முறை கிளறி எடை பார்த்தேன். அயல் வீட்டுக்காரர் நான் ஏதோ செய்வினை செய்கிறேன் என்று பயந்து மதிலை உயர்த்தினார். கடைசியில் அளவு கூடி வந்தது. நாலு விநாடியில் அணையும், ஒரு மாரிக்குள் உக்கும். யாரும் அதைப் பெரிதாகப் பாராட்டவில்லை. எனக்கும் அது பெரிதாகப் படவில்லை. என் மனம் இன்னும் கிடைக்காத இருபத்து மூன்றிலேயே நின்றது.

முப்பத்தொன்பதைச் சேர்க்க ஆறு வருடம் போதுமாயிருந்தது. மீதி ஒன்றைத் தேடி அதைவிடக் கூடிய காலம் போயிற்று. விரல் சுட்ட அந்த மீனவர் காய்ச்சலில் செத்துப்போனார் என்று மட்டும் தெரிந்தது. அவர் மனைவி இடம்பெயர்ந்த இடத்தில் நின்றுவிட்டாள் என்றார்கள் சிலர். திரும்பிவிட்டாள் என்றார்கள் சிலர். செங்காவி நிறம் என்னைப் படுத்தியபாடு சொல்லி மாளாது. கண்டல் மரங்களுக்கிடையில் ஏதாவது ஒரு துணி அந்த நிறத்தில் சிக்கியிருந்தால் களப்பைக் கடக்கும் பாலத்திலேயே நின்றுவிடுவேன். ஒருமுறை ஒரு சுவாமியாரின் பின்னால் பஸ் நிலையம் வரை போனேன். அவர் திரும்பி, "என்ன வேணும்?" என்றார். "ஒன்றுமில்லை," என்றேன். என்ன சொல்வது?

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் எனக்கு வழமையாக ஓட்டோ ஓடுகிறவர் வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயதுக்காரர், என்னைக் கேலி செய்வதில் என் மனைவிக்குக் கூட்டாளி.

"சேர், உங்கட பேய கண்டுட்டன்," என்றார்.

"விளையாடாதீங்க."

"சத்தியமா. வாகரைக்கு அங்கால ஒரு அக்கா றோட்டுக்கரையில கருவாடு விக்கிறா. கருவாட்டுப் பெட்டிய ஒரு துண்டால கட்டியிருக்கிறா. உங்கட நிறம். மூலையில ரெண்டும் மூணும் எழுதியிருக்கு."

உடனே புறப்பட்டேன். "சோத்தத் திண்டுட்டுப் போங்க, இத்தின வரியம் காத்த பேய் இன்னும் ஒரு மணித்தியாலம் காக்காதா?" என்றாள் மனைவி. நான் நிற்கவில்லை. புதிய படங்கு ஒன்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் என்னைக் கண்டவுடன் அடையாளம் கண்டாள். எனக்குத்தான் அவளைத் தெரியவில்லை. கூட்டத்தில் நின்றிருப்பாள்.

"விரல் சுட்ட ஆள்ர பொஞ்சாதி," என்றாள். "இரிங்க சேர்."

பெட்டியில் இருந்த துண்டைத் தொட்டுப் பார்த்தேன். ஓரடி அகலம். ஒரு பக்கம் கத்தியால் அறுத்த கோணல். மூலையில் 23. கருவாட்டைத் தொடும் பொருள் என்பதால் அதை உடனே கழற்றச் சொன்னேன். ஏனென்று கேட்காமலே கழற்றித் தந்தாள்.

"மிச்சம் எங்க தங்கச்சி? எட்டடி இருக்கோணுமே."

அவள் ஓட்டோக்காரரைப் பார்த்தாள், பிறகு என்னை. ஒட்டியிருந்த தன் வீட்டுக்குப் பின்னால், களப்புக்கரையில், மணல் மேடுகளாய்க் கிடந்த மயானத்தைக் கையால் காட்டினாள்.

"அது அவரோட போயிட்டு."

எங்கள் பக்கத்தில் இறந்தவர்களை எரிக்காமல் மண்ணில் தாட்டுவிடுவதுதான் பெரும்பாலும் வழக்கம். ஆனால் அந்தக் கரையில் மாரியில் கிடங்கு வெட்டினால் மூன்றாம் அடியிலேயே தண்ணீர் ஊறிவிடும். அவர் செத்தது நல்ல மழையில். இரண்டு பேர் கிடங்கிலிருந்து வாளியால் அள்ள, அள்ள நிரம்பியதாம். அந்தச் சேற்றுத் தண்ணீரில் அவரை இறக்குவதை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அப்பதான் நீங்க சொன்னது ஞாபகம் வந்தது. தண்ணியும் போகாது, மண்ணும் தின்னாது எண்டு சொன்னீங்கதானே. வீட்ட ஓடிப்போய்க் கொண்டுவந்து குடுத்தன். நல்லாச் சுத்திக் கட்டுங்க எண்டன். நீளம் கூடிப்போச்செண்டு ஒரு துண்ட வெட்டினாங்க."

பெருமைக்குச் சொன்ன வார்த்தையை யாரும் இவ்வளவு காலம் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்று நான் நினைத்ததில்லை.

"நல்லதத்தான் செஞ்சன் எண்டு இருந்தன்," என்றாள். "முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடிஞ்சு மறுகா வரத் தொடங்கினார். மத்தியானத்தில, கொஞ்சம் கண் அயர்ந்தாப் போதும். அந்தக் கதவடியில வந்து நிப்பார். தண்ணி கேப்பார். வாயெல்லாம் காஞ்சு கிடக்கும். பொழுதெல்லாம் களப்புத் தண்ணிக்குள்ள நிண்ட மனிசன், சேர். நான் அவர ஒரு சொட்டுத் தண்ணியும் போகாமக் கட்டிப்போட்டுட்டன்."

"செம்பில தண்ணி வச்சுப் பாத்தீங்களா அக்கா?" என்றார் ஓட்டோக்காரர்.

"வச்சனே. வச்ச தண்ணி வச்சபடி கிடக்கு, மனே. அவரு எப்பிடி வந்து குடிக்கிற? கட்டிக் கிடக்கே." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க செஞ்ச படங்கு. நீங்கதான் சொல்லோணும். இப்ப அது உக்கியிருக்குமா? தண்ணி போயிருக்குமா?"

இத்தனை வருடம் நான் தேடியது ஒரு படங்கை. அவள் தேடியது இந்தப் பதிலை. ஆறுதலுக்காக ஓம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். உக்கியிருக்காது என்று எனக்குத் தெரியும். இன்னும் நூறு வருடம் போனாலும் உக்காது.

நான் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் பதில் தேடினேன். கேள்வி கேட்டேன்.

"அவரு எத்தின அடி உயரம்?"

"உங்கள விட ஒரு சாண் குறைவு."

"எத்தின இடத்தில கட்டினாங்க?"

"நெஞ்சில, முழங்கால்ல, கால்ல. மூண்டு. வலை நூலால."

"தலைப்பக்கம்?"

"முகத்த கடைசி வரைக்கும் திறந்து வச்சிருந்தாங்க. மறுகா மடிச்சு உள்ள செருகினாங்க."

"ஒட்டினாங்களா? மெழுகு, தார் ஏதும்?"

"இல்ல சேர், செருகினதுதான்."

மணலில் விரலால் கோடு போட்டுக் கணக்குப் பார்த்தேன். நான் ஆறடி. எட்டடியில் ஐந்தேகால் போக இரண்டேமுக்கால். இரண்டு பக்கமும் பங்கிட்டால் ஒன்றேகால் அடிக்குக் கொஞ்சம் மேல். ஒட்டாத மடிப்பு. கட்டு நெஞ்சுக்கு மேலே இல்லை. தண்ணீர் மேலிருந்து மட்டும் வருவதில்லை, கீழிருந்தும் ஊறுகிறது.

"தங்கச்சி, படங்கு உக்கயில்ல. அது அப்பிடியேதான் கிடக்கும். பொய் சொல்ல மாட்டன். ஆனா அது பை இல்ல, சுத்தின சீலை. தண்ணி அதுக்குள்ளால போகாது, மடிப்பால போகும். அண்டைக்கு மண் மூட முந்தியே தலைப்பக்கத்தால போயிருக்கும். ஒவ்வொரு மாரியும் போயிருக்கும். அவரு தண்ணியிலதான் கிடக்கிறார்."

"கணக்குப் பாத்தா சொல்றீங்க?"

"கணக்குப் பாத்துத்தான் சொல்றன்."

அவள் மணலில் நான் போட்ட கோடுகளை வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கு அது விளங்கியிராது. ஆனால் தலையை ஆட்டினாள். சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதாள். ஓட்டோக்காரர் எழுந்து போய்த் தன் வண்டியைத் துடைத்தார்.

மயானத்தைத் தோண்டி அதை எடுப்பது பற்றி நான் பேச்செடுக்கவில்லை. அவளே சொன்னாள்.

"அதக் கிளறிராதீங்க சேர். கிடக்கட்டும்."

கொண்டுவந்த புதிய படங்கை நீட்டினேன். அது என்ன செய்யும் என்று கேட்டாள். எரியாது, ஆனால் மண் தின்னும் என்றேன். விரித்து, மணந்து பார்த்து, "இறால் மணக்குது," என்றாள். பிறகு சொன்னாள்: "அப்ப இத எனக்கு எடுத்து வைக்கிறன். என்னையும் மாரியில தாட்டாங்க எண்டா."

எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. "அலுமாரிக்குள்ள வச்சாலும் இது ரெண்டு வரியத்துக்கு மேல தாங்காது. நீங்க போக முந்தி இது போயிடும்."

"அப்ப நான் கெதியாப் போகோணும்!" என்று ஈரக் கண்ணோடு சிரித்தாள். ஓட்டோக்காரரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வருடத்துக்கு ஒன்று மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று என் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்.

புறப்படும்போது அவள் கிணற்றடியில் கால் கழுவினேன். அங்கிருந்து அவர் கிடந்த மேட்டுக்கு நடந்து பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு அடி வைத்தேன். திரும்பி நடந்தும் எண்ணினேன். அதே நூற்றுப் பதினெட்டு.

உள்ளே போகிற தண்ணீர் வெளியேயும் வரும். அதை அவளிடம் நான் சொல்லவில்லை. அவளுக்கு அன்று அத்தனை ஆறுதல். அந்தப் பொடி நீரில் அநேகமாகக் கரையாது. அநேகமாக என்ற சொல்லை என் கட்டுரைகளில் எத்தனையோ இடத்தில் எழுதியிருக்கிறேன், கை கூசியதில்லை. அந்த வருடம் முழுவதும் அந்தச் சொல் என்னை விடவில்லை. மத்தியானத்தில் கண் அயர்ந்தால் எனக்கும் ஒரு நிழல் கதவடியில் வந்து நின்றது. என்னிடம் அவர் தண்ணீர் கேட்பதில்லை. சுட்ட விரலை நீட்டிக் காட்டுவார், அவ்வளவுதான். மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்கும் ஆள் வருதா? தேத்தண்ணி குடுத்து அனுப்புங்க," என்றாள். ஆனால் அதற்குப் பிறகு மத்தியானத்தில் என் பக்கத்திலேயே இருந்து கீரை ஆய்ந்தாள்.

அடுத்த வருடம் மழைக்கு முன் புதிய படங்கோடு போனேன். நாலு போத்தலில் கிணற்றுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு, அவளை உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன்.

"அண்டைக்கு ஒண்டு சொல்லாம விட்டுட்டன் தங்கச்சி. அந்தப் படங்கில ஒரு பொடி இருக்கு. நல்லதில்ல. தண்ணியோட உங்கட கிணத்துக்கும் வந்திருக்கலாம். அநேகமா வராது. ஆனா வந்திருக்கலாம்."

"எப்ப இருந்து?"

"முதல் மாரியில இருந்து."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். பட்டிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

"அப்ப அவரு கிடக்கிற தண்ணியத்தான் நானும் குடிச்சிருக்கன்," என்றாள் மெதுவாக. குரலில் பயமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் சொன்ன விஞ்ஞானம் அவளிடம் போய் வேறொன்றாகிவிட்டது.

"குடிக்கக்கூடாது எண்டுதான் சொல்றன்!"

"விளங்குது சேர், விளங்குது. கத்தாதீங்க."

போத்தல்களை முன்பு என்னோடு வேலை செய்த ஒருவரின் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். கருவிக்கு எட்டிய வரை ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. கருவிக்கு எட்டாததை இல்லை என்று சொல்லக்கூடாது என்பதை நான் முப்பத்தொரு வருடம் மாணவர்களுக்குப் படிப்பித்தவன். ஓட்டோக்காரர் அங்குமிங்கும் ஓடி, ஆட்களைப் பிடித்து, றோட்டில் போகிற குழாய் நீரை அவள் வளவுக்குள் கொண்டுவர வைத்தார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

இந்த வருடம் ஓட்டோக்காரரோடு மூன்றாம் முறை போனேன். பழைய படங்கை எடுத்துப் பார்த்தேன். ஓரங்கள் உதிர ஆரம்பித்திருந்தன. கணக்குச் சரி. புதியதை மடித்து அவள் அலுமாரியில் வைத்தாள். முன்வளவில் குழாய் பளபளத்தது. அதன் கீழே அவள் உடுப்புத் தோய்த்து உலர்த்தியிருந்தாள்.

"அவரு இப்பவும் வாறாரா?" என்று கேட்டேன்.

"வாறார். தண்ணி கேக்கிறல்ல. கதவடியில குந்தி இருந்து வலைக் கிழிசல் பொத்துவார். கொஞ்ச நேரத்தில எழும்பிப் போயிடுவார்." என்னை உற்றுப் பார்த்தாள். "ஏன், உங்களிட்டயும் வாறாரா?"

நான் குழாயைப் பார்த்தேன். அவள் எழுந்து உள்ளே போனாள். பின்புறம் கிணற்றுக் கப்பி கறகறத்த சத்தம் கேட்டது. நான் எண்ணினேன். ஏழு சுற்று. அவள் அடுப்பு மூட்டி, எங்கள் இரண்டு பேருக்கும் வெறும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"குழாத் தண்ணி இருக்கே அக்கா," என்றார் ஓட்டோக்காரர், கோப்பையை வாங்கி, வாயில் வைக்காமல்.

"அதில ருசி வராது, மனே. தோய்க்கத்தான் சரி."

ஓட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அவர் குடிப்பதும் விடுவதும் நான் செய்வதில்தான் இருந்தது. கோப்பையில் சீனி கூடியிருந்தது. சூடாக இருந்தது. இத்தனை மாரி அவள் குடித்த கிணற்றுத் தண்ணீர். நான் குடித்தேன். அவரைத் தன் கோப்பையைக் கீழே வைக்கச் சொல்லிக் கண்ணால் காட்டினேன். எட்டாம் மிடறில் அடியில் கொஞ்சம் மீதி இருக்கக் கோப்பையை வைத்தேன்.

"அதையும் குடிங்க சேர்," என்றாள் அவள்.

குடித்தேன்.

அறுத்த துண்டு, 23 என்று எழுதியது, பின்னறையில் மூன்றாம் பீப்பாய்க்குள் இருக்கிறது. அதை எண்ணிக்கையில் சேர்ப்பதா விடுவதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. புத்தகத்தில் இன்றும் முப்பத்தொன்பது என்றே எழுதினேன். எழுதிவிட்டுப் போய் வளையங்களைத் தடவிப் பார்த்தேன். இறுகித்தான் இருந்தன.